பதினோரு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு எந்த கிளாஸ்? அமெரிக்காவில் பைக் பயிற்சி எடுக்கப் போகிறவர்களுக்கு

"எனக்கெல்லாம் எதுக்குங்க பிகினர் கிளாஸ்? நேரா எக்ஸ்பீரியன்ஸ்டு கிளாஸுக்கே போயிடலாமே?" ஊரில் பத்துப் பதினைந்து வருஷம் பைக் ஓட்டிவிட்டு அமெரிக்கா வந்த நம்ம ஆட்கள், இங்கே ஒரு வண்டி வாங்கலாம் என்று ஆசை வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் இதே கேள்வியைக் கேட்டவன். மதுரையில் பதினோரு வருஷம், அதில் முக்கால்வாசி அப்பாவின் ஸ்பிளெண்டர், மீதி பல்சர். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் ஹேண்டில்பார் உரசாமல் புகுந்து வந்தவனுக்கு இவர்கள் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் டெக்சஸில் கிளாஸுக்குப் பணம் கட்டினேன்.

பிகினர் கிளாஸையே எடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன், எப்படி எடுப்பது என்றும் சொல்கிறேன். எக்ஸ்பீரியன்ஸ்டு கிளாஸ் எப்போது, யாருக்கு என்பதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன், சுருக்கமாக எம்எஸ்எஃப், 1973-இல் தொடங்கியது, தலைமையகம் கலிஃபோர்னியாவின் அர்வைனில். இவர்களுடைய பாடத்திட்டம்தான் பெரும்பாலான மாநிலங்களில் நடக்கிறது. ஹார்லி-டேவிட்சன் நடத்தும் ரைடிங் அகாடமியிலும் அடிப்படை இதுதான். ஆரம்பப் பாடத்துக்குப் பெயர் பேசிக் ரைடர் கோர்ஸ், எல்லோரும் பிஆர்சி என்பார்கள். அனுபவசாலிகளுக்கான பாடத்தை முன்பு எக்ஸ்பீரியன்ஸ்டு ரைடர் கோர்ஸ் என்றே அழைத்தார்கள், இப்போது அதன் பெயர் பிஆர்சி-2. பெயரிலேயே "பேசிக்" ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள், அனுபவம் உள்ளவர்களுக்கும் அடிப்படைதான் பாடம். எல்லா மாநிலத்திலும் எம்எஸ்எஃப்தான் என்றும் இல்லை. ஆரிகனில் டீம் ஆரிகன் என்று சொந்தப் பாடம், ஐடஹோவில் ஸ்டார், கலிஃபோர்னியாவில் 2015 முதல் டோட்டல் கன்ட்ரோல் நிறுவனத்தின் பாடத்திட்டம். பெயர்கள்தான் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்று.

பிஆர்சிக்கும் பிஆர்சி-2-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். பிஆர்சியில் வண்டி அவர்களுடையது, பெரும்பாலும் 250 சிசி அளவில் சின்ன வண்டி. மூன்று மணி நேரம் போல ஆன்லைன் பாடம், பிறகு இரண்டு நாளில் சுமார் பத்து மணி நேரம் மைதானத்தில் ஓட்டம், கடைசியில் எழுத்துத் தேர்வும் ஓட்டத் தேர்வும். பிஆர்சி-2 ஒரே நாள், வண்டி உங்களுடையது, அதன் பதிவும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும், கிளட்ச் எது பிரேக் எது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பிஆர்சி முடித்த கார்டைக் காட்டினால் பல மாநிலங்களில் டிஎம்வி ஆபீஸில், அதாவது லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகத்தில், ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. டெக்சஸ், ஃபுளோரிடா மாதிரி இடங்களில் கோர்ஸ் இல்லாமல் மோட்டார்சைக்கிள் லைசென்ஸே கிடையாது. ஊர் லைசென்ஸைக் காட்டி "எம்", அதாவது இந்த ஊர் பைக் லைசென்ஸ், வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாமல், உங்கள் மாநில அலுவலகத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கட்டணம் பொதுவாக 250 டாலரிலிருந்து 400 டாலர் வரை போகும். பென்சில்வேனியா மாதிரி சில மாநிலங்களில் அரசே செலவை ஏற்றுக்கொள்கிறது, அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அதையும் தேடிப் பாருங்கள்.

சரி, பதினோரு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் மைதானத்தில் என்ன கிழித்தேன் என்பதற்கு வருகிறேன்.

ஒரு கல்லூரியின் கார் பார்க்கிங், ஆகஸ்ட் மாதம், காலை ஏழு மணிக்கே தார் சூடேற ஆரம்பித்திருந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர், பயிற்சியாளர்கள் இரண்டு பேர். முதல் பயிற்சியே ஹாஃப் கிளட்ச். அவர்கள் ஃப்ரிக்‌ஷன் ஸோன் என்கிறார்கள், நம்ம ஊர் ஹாஃப் கிளட்ச்தான் அது. வண்டியில் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் இருக்க, கிளட்சை மெதுவாக விட்டு வண்டி முன்னால் ஊரும்போது திரும்பப் பிடித்து, பின்னால் உருட்டி, மறுபடி விட்டு. இப்படியே பத்து நிமிஷத்துக்கு மேல். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்து நேர்கோட்டில் போய் இரண்டாவது கியர் போடச் சொன்னார்கள். அங்கேதான் ஸ்பிளெண்டர் என்னைக் கவிழ்த்தது.

ஸ்பிளெண்டரில் கால் விரலால் கீழே அமுக்க அமுக்கக் கியர் ஏறும். இங்கே உள்ள வண்டிகளில் முதல் கியர் மட்டும்தான் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும், நடுவில் அரைக் கிளிக்கில் நியூட்ரல். பல்சரும் அப்படித்தான், அதையும் ஓட்டியிருக்கிறேன், மூளைக்குத் தெரியும். ஆனால் பயிற்சியாளர் பார்க்கிறார், பின்னால் ஆள் வருகிறார் என்ற பதற்றத்தில் கால் பழைய ஞாபகத்துக்குப் போய்விட்டது. முதல் கியரிலேயே வண்டி கத்திக்கொண்டு போகிறது, நான் கீழே கீழே அமுக்குகிறேன். எனக்குப் பின்னால் அறுபது வயதை ஒட்டிய ஒரு நர்ஸ் அம்மா, வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறையாக பைக்கில் உட்கார்ந்தவர், அழகாக இரண்டாவது கியர் போட்டு என்னைத் தாண்டிப் போனார். கடைசித் தேர்வில் என்னைவிட நல்ல மார்க் வாங்கியவரும் அவர்தான்.

அது கால் பழக்கம், அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. கை விரல்களுக்கு இரண்டு நாளும் போதவில்லை. நாம் எல்லோரும் எப்போதும் இரண்டு விரலைப் பிரேக் லீவர் மேல் வைத்துக்கொண்டே ஓட்டுவோம், ஊரில் அது தேவை, எந்தச் சந்திலிருந்து ஆடு வரும் என்று தெரியாது. இங்கே மைதானத்தில் அது கூடாது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது நாலு விரலும் முறுக்குப்பிடியில், பிடிக்கும்போது நாலு விரலும் லீவரில். காரணம் கேட்டேன். புதிதாக ஓட்டுகிறவர் பதறினால் விரல் தன்னால் இறுகும், முன்சக்கரம் திரும்பியிருக்கிற நேரத்தில் முன் பிரேக் இறுகினால் ஆள் கீழே, அதனால்தான் என்றார்கள். எனக்கு இரண்டு நாளில் முப்பது தடவையாவது "ஃபிங்கர்ஸ்!" என்று குரல் வந்திருக்கும்.

அடுத்தது முன் பிரேக். "முன் பிரேக்கைப் பிடிக்காதடா, தூக்கி அடிச்சிடும்" என்று மாமா சித்தப்பா எல்லோரும் சொல்லித்தானே நாம் வண்டி பழகினோம். வண்டியை நிறுத்தும் பலத்தில் சுமார் 70 சதவீதம் முன் பிரேக்கில்தான் இருக்கிறது என்று இங்கே முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தை அமுக்கினால் அது வழுக்கத்தான் செய்யும். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் தூக்கி அடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இறுக்கிக்கொண்டே போனால் வண்டி நிற்கிற தூரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைகிறது. முதல் முயற்சியில் நான் பின் பிரேக்கை ஏறி மிதித்து, பின்சக்கரம் கறுப்புக் கோடு போட்டு, இரண்டு கார் நீளம் தள்ளிப் போய் நின்றேன். ஆறாவது முயற்சியில் கோடும் இல்லை, கிறீச்சும் இல்லை, வண்டி பாதித் தூரத்தில் நின்றது. பதினோரு வருஷமாக வண்டியின் பாதிப் பிரேக்கை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

1981-இல் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். வேறு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வாகனம் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. அந்தக் கடைசி நொடியில் பலர் செய்ததும் நான் செய்த அதே தப்புதான், பின் பிரேக்கை மிதித்து வழுக்கவிட்டு, முன் பிரேக்கைத் தொடவே இல்லை. நம்மில் எத்தனை பேர் அந்த 92-இல் அடங்குவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வளைவு. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு வலது பக்கம் போக வேண்டுமானால் வலது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். கேட்டால் தலைகீழாக இருக்கும், ஆனால் நாம் எல்லோரும் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம், திடீரென்று எதிரே ஒரு கார் வந்து நிற்கும்போதுதான் வெளிப்படும்.

தேர்வைப் பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் "நம்ம எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினவங்க" என்று அலட்சியமாகவும் போக வேண்டாம். இங்கேயும் எட்டு உண்டு, தரையில் வரைந்த ஒரு குறுகிய கட்டத்துக்குள் இரண்டு யூ-டர்ன், எல்லோரும் "தி பாக்ஸ்" என்பார்கள். ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போது நாம் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு முடித்துவிடுவோம். இங்கே கால் ஊன்றினாலும் கோட்டைத் தாண்டினாலும் புள்ளி போகும். சூட்சுமம் கழுத்தில் இருக்கிறது. போக வேண்டிய இடத்தைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் வண்டி அங்கே வருகிறது, கோட்டைப் பார்த்தால் கோட்டுக்குத்தான் போகிறது. ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் முறுக்கு, பின் பிரேக் லேசாக, கண் தூரத்தில். காலையில் சிரித்தேனே, அந்தப் பத்து நிமிஷம் இதற்குத்தான். இது தவிர திடீர் நிறுத்தம், தடையை விலக்கி ஒடிப்பது, வளைவு, அவ்வளவுதான். தேர்வில் வண்டியைக் கீழே போட்டால் அன்றைக்கு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது என்னவென்றால், கணுக்காலை மூடும் ஷூ, முழு பேண்ட், முழுக்கை சட்டை, விரல் மூடிய கையுறை, கண்ணாடி அல்லது வைசர் இதெல்லாம் இல்லாமல் மைதானத்தில் இறங்க விடமாட்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஐஎஸ்ஐ ஹெல்மெட் இங்கே கணக்கில் வராது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் டிஓடி முத்திரை வேண்டும். பல மையங்களில் இரவல் ஹெல்மெட் கொடுப்பார்கள், வேர்வை வாசனையோடு. ஆன்லைன் பாடத்தை முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓட்டிவிட்டுப் போகாதீர்கள், எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் வேண்டும், அது அதிலிருந்துதான் வரும். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள், ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த ஒரு பையனை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார்கள், பணமும் போச்சு.

ஒரு வேடிக்கை. டெக்சஸில் 21 வயது நிரம்பியவர் இந்த கோர்ஸை முடித்திருந்தால் சட்டப்படி ஹெல்மெட் இல்லாமலே ஓட்டலாம். இரண்டு நாள் முழுக்கப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பரிசாக ஹெல்மெட்டைக் கழற்ற அனுமதி. நான் கழற்றவில்லை, நீங்களும் கழற்றாதீர்கள்.

அப்போ எக்ஸ்பீரியன்ஸ்டு கிளாஸ் யாருக்கு?

பிஆர்சி முடித்த மறுமாதமே பிஆர்சி-2 எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, எடுக்கலாம், ஆனால் காசுக்குப் பலன் குறைவு. இந்த ஊர் ரோட்டில், உங்கள் சொந்த வண்டியில், குறைந்தது ஆறு மாதம் ஓட்டிவிட்டுப் போங்கள். பிஆர்சி மைதானத்தில் வேகம் மணிக்கு 25 மைலைத் தாண்டுவதே அபூர்வம், இரண்டாவது கியரோடு சரி. அதை வைத்துக்கொண்டு 70 மைலில் ஓடும் ஹைவேயில் இறங்கினால் அது வேறு உலகம். சிவப்பு விளக்கில் கார்களுக்கு நடுவில் புகுந்து முன்னால் போய் நிற்பது இங்கே பெரும்பாலான மாநிலங்களில் குற்றம், கலிஃபோர்னியா மாதிரி ஒரு சில இடங்களில்தான் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. இடதுபக்க டிராஃபிக்கில் பழகிய கண்ணுக்கு, எதிரே வருகிற கார் இடது பக்கம் திரும்பி நம் குறுக்கே வரும் என்பது பழகவே சில மாதம் ஆகும். இதெல்லாம் கொஞ்சம் பட்டுத் தெளிந்த பிறகு போனால்தான் அங்கே கேட்பதற்குக் கேள்விகள் இருக்கும்.

நான் ஒரு வருஷம் கழித்துப் போனேன், ராயல் என்ஃபீல்ட் 650-ஐ எடுத்துக்கொண்டு. சென்னையில் செய்த வண்டியை டெக்சஸில் வாங்கி ஓட்டுவதில் ஒரு அல்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 200 கிலோவுக்கு மேல் எடை, ஸ்பிளெண்டரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிஆர்சியில் சின்ன வண்டியில் அனாயாசமாக அடித்த யூ-டர்ன், இதில் முதல் மூன்று தடவையும் கட்டத்துக்கு வெளியே போனது. பிஆர்சி-2-இன் முழு அர்த்தமும் இதுதான், படித்த அதே பாடத்தை உங்கள் வண்டியின் எடையிலும் நீளத்திலும் பிரேக்கிலும் மறுபடி செய்து பார்ப்பது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, லீவர் அதிர அதிர முழுசாகப் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? வளைவின் நடுவில் நிறுத்துவதும் அங்கேதான் பிடிபட்டது, வண்டியை நிமிர்த்திவிட்டுப் பிடிப்பது ஒரு வழி, சாய்வு குறையக் குறையப் பிரேக்கைக் கூட்டுவது இன்னொரு வழி.

பேச்சும் வேறு மாதிரி இருந்தது. பிஆர்சியில் பயிற்சியாளர் சொல்வார், நாம் செய்வோம். இங்கே மதியம் வட்டமாக உட்கார்ந்து, கடைசியாக எப்போது நூலிழையில் தப்பினீர்கள், அதில் உங்கள் பங்கு என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். முப்பது வருஷம் ஹார்லி ஓட்டியவர் ஒருவர், கார்க்காரன் தப்புதான் என்று ஆரம்பித்து, பேசிக்கொண்டே வரும்போது தன் வேகத்துக்கு வந்து சேர்ந்தார். பிஆர்சியில் என்னைத் திட்டித் தீர்த்த அந்த லீவர் மேல் விரல் வைக்கும் பழக்கத்துக்கு இங்கே மரியாதை கிடைத்தது. சந்திப்பை நெருங்கும்போது பிரேக்கைத் தொட்டு வைத்திருங்கள் என்றார்கள். விதியைப் போட்டவர்களே தளர்த்துகிறார்கள், ஆனால் எங்கே, ஏன் என்று தெரிந்த பிறகு.

அனுபவம் இருந்தும் மறுபடி பிஆர்சியிலிருந்தே தொடங்க வேண்டியவர்களும் உண்டு. லைசென்ஸில் "எம்" இருக்கிறது, ஆனால் குழந்தை பிறந்த பிறகு ஆறேழு வருஷமாகத் தொடவில்லை என்றால் பிகினர் கிளாஸ்தான் நல்லது. ஊரில் ஸ்கூட்டி மட்டுமே ஓட்டிய பெண்களும் யோசிக்காமல் அதில் சேரலாம். அவர்களுக்குச் சாலை தெரியும், கிளட்ச் மட்டும்தான் புதுசு, சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். மாறாக, தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருப்பவர் சின்ன வண்டியை விட்டுப் பெரிய வண்டிக்கு மாறினால், மாறிய முதல் இரண்டு மூன்று மாதத்தில் பிஆர்சி-2.

அதற்கும் மேலே எம்எஸ்எஃப்பின் அட்வான்ஸ்டு ரைடர் கோர்ஸ் இருக்கிறது, ரேஸ் டிராக்கில் நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கீத் கோட் 1980-இல் ஆரம்பித்த கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக் வரைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. வேலைக்குப் போக, வார இறுதியில் சுற்ற என்று ஓட்டுகிறவர்களுக்கு பிஆர்சி-2-ஐ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தாலே தாராளம் என்பது என் கணக்கு. சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கோர்ஸ் கார்டைக் காட்டினால் தள்ளுபடி தருகின்றன, கேட்டுப் பாருங்கள், கேட்காமல் அவர்களாகத் தரமாட்டார்கள்.

பிஆர்சி-2-க்குப் போகிறவர்கள் முந்தின வாரமே டயரைப் பார்த்துவிடுங்கள். காலையில் பயிற்சியாளர் வண்டியைச் சுற்றி வந்து டயர், லீவர் கேபிள் வகையறா, விளக்கு, ஆயில், சேசிஸ், ஸ்டாண்டு என்று வரிசையாகப் பார்ப்பார், வழவழவென்று தேய்ந்த டயரோடு வந்தால் ஓட்ட விடமாட்டார். என்னுடைய வண்டியில் பின்பக்க பிரேக் லைட் எரியவில்லை. எத்தனை நாளாக எரியவில்லை என்று எனக்கே தெரியாது. நல்லவேளை, பயிற்சியாளரின் டப்பாவில் ஒரு பல்பு இருந்தது.

இடம் பிடிப்பதைப் பற்றி ஒன்று. மார்ச் பிறந்தால் சனி, ஞாயிறு வகுப்புகள் மளமளவென்று நிரம்பிவிடும், அதனால் ஜனவரியிலேயே பதிந்துவிடுங்கள். தவறவிட்டிருந்தால், உங்கள் மையத்துக்கு போன் செய்து காலியிடத்துக்குக் காத்திருக்கலாமா என்று கேளுங்கள். பன்னிரண்டு பேரில் ஒருவராவது தூங்கிவிடுவார். கையுறையும் ஷூவும் போட்டுக்கொண்டு, இரண்டு பாட்டில் தண்ணீரோடு, வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் வாசலில் நின்றால் அந்த இடம் உங்களுக்கு.